சொன்னதை மட்டுமே எழுதினேன்

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரை ஒரு தாளில் எழுதியதால் அவள் ஒருமுறை பட்டது போதும். நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவள் அப்பா வயதிருக்கும் எங்கள் கல்லூரி வார்டன் சார்கூட அக்காம்மா என்பார். அது என்ன உறவுக் கணக்கோ, யாரும் கேட்டதில்லை.

நான் அவளைப் பார்த்ததில்லை. எனக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது கண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே அவள் கறுப்பா சிவப்பா, உயரமா குட்டையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த அக்காவுக்கு ரப்பர் வாசனை. மண்ணூரில் ஒரு பட்டறையிலிருந்து ரப்பர் வாஷர்கள் மூட்டை மூட்டையாக அவர்கள் வீட்டுக்கு வரும். அச்சிலிருந்து எடுத்த வாஷரின் ஓரத்தில் கொஞ்சம் பிசிறு நிற்கும். அதை பிளேடால் வெட்டிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். விடிந்ததிலிருந்து அதை வெட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு எங்களிடம் வருவாள். சோப்பு வாசனை வழியிலேயே போய்விடும். பக்கத்தில் உட்காரும்போது ரப்பர்தான் வரும்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அப்போது ஒரு தொழிற்கல்லூரி இருந்தது. பத்தாவது பாஸ் செய்தவர்களுக்கு டெலிபோன் ஆபரேட்டர், ரேடியோ மெக்கானிக் என்று சில படிப்புகள். எங்களைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்ட பிறகுதான் எங்களை என்ன செய்வது என்று யோசித்தார்கள் போலிருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையை ஒழித்து 'உதவி அறை' என்று பெயர் வைத்தார்கள். வார்டன் சார் அதற்குப் பொறுப்பு. ஒரு பெஞ்சு, பாடங்களைப் பதிவு செய்து கேட்க ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு பக்கச் சக்கரம் ஓடாத சக்கர நாற்காலி. அந்த நாற்காலியில் டீ டம்ளர்கள்தான் உட்காரும். அப்புறம் அக்கா.

பார்வையில்லாதவன் பரீட்சை எழுத வேண்டுமானால், அவன் சொல்லச் சொல்ல எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பரீட்சை எழுதுகிறவனைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அதிகம் படித்தவராக இருந்தால் அவரே பதிலை எழுதிவிடுவாராம். அக்கா பத்தாவதில் கணக்கில் பெயில். வேறு எந்த வாசலிலும் மதிப்பில்லாத அந்த பெயில் எங்களிடம் அவளுக்கு ஒரு தகுதியாக இருந்தது. பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்து அவளை வைத்துக்கொண்டார்கள்.

முதல் பரீட்சை அன்று உள்ளே போகும் முன்பே வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தாள். எழுதும்போது அது குலுங்கினால் எனக்கு யோசனை கெடுமாம்.

"தம்பி, நீ ஒரு வரி சொல்லு. எழுதி முடிச்சதும் 'ம்'ன்னுவேன். அது வந்தாதான் அடுத்த வரி. சரியா?"

அவ்வளவுதான். பரீட்சை முடியும்வரை அந்த 'ம்' தவிர வேறொரு சொல் அவள் வாயிலிருந்து வராது. நான் தடுமாறினால் காத்திருப்பாள். தப்பாகச் சொல்லித் திருத்தினால் அடித்துவிட்டு எழுதுவாள். இப்போதெல்லாம் போனில் பேசினால் அதுவே எழுதிவிடுகிறது. இந்தப் பக்கங்களையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அது 'ம்' கொட்டுவதில்லை. எழுதியதா இல்லையா என்று தெரியாமல் நான்தான் அடிக்கடி நின்று திகைக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு வரி எழுத வேண்டும். 'தேர்வர் சொன்னதை மட்டுமே எழுதினேன்.' அதன் கீழே அவள் பெயர், கையெழுத்து. எழுதித் தருகிறவர்களுக்கு எங்கள் கல்லூரியில் அது கட்டாயம். என் பதில்களை எழுதும்போது நடந்து போகும் பேனா, அந்த வரிக்கு வந்ததும் ஓடும். அவ்வளவு பழகிய கை.

அந்த வரி அவள் விஷயத்தில் சத்தியமான வார்த்தை. ஒருமுறை பில் போடும் கணக்கில் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று சொல்லிவிட்டேன். 'ம்' என்றாள். அதை வைத்து மேலே மேலே கணக்குப் போட்டு, மொத்தமும் கோணலாகப் போய் நின்றது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்கும்போது சொல்கிறாள்:

"தம்பி, ஏழெட்டு அம்பத்தாறு."

"இன்னாக்கா இது! அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இருமியாவது காட்டியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அது என் பரிச்ச ஆயிடும். உன் பரிச்ச நீ பெயிலானாலும் உன்னுதா இருக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று, "எந்தப் பக்கம் புடிச்சிக்கிற?" என்றாள். கோபம் போய்விட்டது.

இந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் தெரியாதவன் ரோட்டோரம் நின்றால் இந்த ஊரில் உதவிக்குப் பஞ்சமே கிடையாது. யாராவது வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிர்ப் பக்கம் விட்டுவிட்டுப் புண்ணியத்தோடு போய்விடுவார்கள். நான் எதிர்ப் பக்கம் போக வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள். தாம்பரம் பஸ்ஸுக்கு நின்றவனைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவர்கள் உண்டு. அந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், மே மாதக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் எங்கள் ஊர் ரோட்டில் எங்கே பார்த்தாலும் போலீஸ். அவர்களும் என்னை அன்பாகத்தான் இழுத்தார்கள். அக்கா ஒருத்திதான் கேட்டாள். வலது முழங்கையா இடது முழங்கையா என்று நான் சொன்ன பிறகுதான் கையை நீட்டுவாள். "பஸ் வருது. கூட்டமா கீது. ஏறணுமா, அடுத்ததா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். அடுத்தது என்று நான் சொன்னால், அந்த அடுத்தது எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் ஒரு முணுமுணுப்பு இருக்காது.

என் சிநேகிதன் தேவராஜுக்கும் அப்படித்தான். படப்பைக்காரன். ரேடியோ மெக்கானிக் படித்தான். போலியோவில் இரண்டு காலும் போய், இரும்புக் காலிப்பர் மாட்டிக்கொண்டு நடப்பான். அவன் வகுப்பு மாடியில். பையன்கள் அவன் வருவதைப் பார்த்ததுமே ஆளுக்கொரு பக்கம் அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார்கள். அவனுக்கு அழுகையே வரும். அக்கா வந்த முதல் நாள் படிக்குக் கீழே நின்று, "தூக்கணுமா?" என்று கேட்டாள். அவன் அசந்து போய், "வேணாங்க்கா, நானே ஏறுவேன்" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரையும் அவனைத் தொட விடவில்லை. காலிப்பர் ஒவ்வொரு படியிலும் மோதும் சத்தம் எனக்குக் கீழே கேட்கும். அவன் பையை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறும் செருப்புச் சத்தமும் கேட்கும். மணி அடித்து வகுப்பு ஆரம்பித்துவிடும். அவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

அவளிடம் எனக்குப் பிடித்த, சொன்னதை மட்டுமே செய்யும் இதே குணத்தைப் பற்றி நினைக்க நினைக்க எனக்குப் பயமாகவும் இருந்தது. அவள் வீட்டுக் கதையும் இதேதான். கணக்கில் பெயிலானதும் படித்தது போதும் என்றார்கள், நிறுத்திக்கொண்டாள். வாஷர் வெட்டு என்றார்கள், வெட்டினாள். சம்பளம் வராத இந்த வேலைக்கு எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். "அண்ணி போன்னு சொல்லிச்சி, வந்தேன். மத்தியானம் ஒரு ஆளு சாப்பாடு மிச்சமாம்" என்று சிரித்தாள். எங்களையெல்லாம் எந்தப் பக்கம் என்று கேட்டவளை, அவள் வீட்டில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

முதல் தடவையாக அவளுக்கென்று ஓர் ஆசை வந்தது அந்த ஜூனில்தான். உதவி அறைக்கு நிரந்தரமாக ஓர் உதவியாளரைச் சம்பளத்தோடு போடக் கல்லூரி சம்மதித்தது. பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். ஜனவரியில் சேர வேண்டும்.

வார்டன் சார் எங்கள் எதிரிலேயே சொன்னார். "அக்காம்மா, செப்டம்பர்ல அந்தக் கணக்க மட்டும் எழுதிப் போட்டுரு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். எழுதிக் கொடுக்க வேற ஒரு புள்ளய புடிச்சிக்கலாம்."

"சார், இங்கியே இருக்கலாமா?" என்றாள் அக்கா. அதற்கு முன் அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

படிப்பு ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் தேவராஜ் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டுவான். நான் வாய்ப்பாடும் சூத்திரமும் கேட்பேன். ஏழெட்டு எவ்வளவு என்று நான் கேட்கும்போதெல்லாம், "அம்பத்து நாலு தம்பி" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். வாயால் கேட்டால் எல்லாம் வந்தது. தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால் பேனா நகரவில்லை. தேவராஜ் தலையில் அடித்துக்கொள்வான்.

"தெரியுதுல்லக்கா? எழுதேன்!"

"தெரியுது. ஆனா யாரும் சொல்லலியே. நானா எழுதனா தப்பு மாதிரி கீதுடா. கை வர மாட்டன்து."

அவன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். மறுநாள் வந்து சொன்னான்: "அக்கா, நீ பரிச்ச எழுதறேன்னே நெனைக்காத. உள்ள ஒருத்தி குந்திகினு கீறா. அவளுக்குத்தான் பரிச்ச. அவ சொல்றா, நீ அவளுக்கு எழுதிக் குடுக்கப் போற. எப்பவும் தம்பிக்கு எழுதற மாதிரியே எழுது. வேற எதுவும் யோசிக்காத."

"அவ தப்பா சொன்னா?"

"தப்பாவே எழுது. அவ பரிச்சதானே?"

அன்றைக்குக் கை வந்துவிட்டது. முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொள்வாள். பேனா போகும். நிற்கும். 'ம்' என்பாள். மறுபடி முணுமுணுப்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால் முழுக் கேள்வித்தாளையும் எழுதி முடித்தாள். தேவராஜ் திருத்திப் பார்த்துவிட்டு காலிப்பரைத் தரையில் தட்டித் தாளம் போட்டான்.

செப்டம்பர் பரீட்சை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். நாங்கள் இரண்டு பேரும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வாசலில் காத்திருந்தோம். என்னை வெளியே நிற்க வைத்து அவள் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. கைக்குட்டையில் முடிந்த வளையல்களை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

வெளியே வந்தவள் அக்காவா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்படி ஒரு சத்தமான குரல். சுங்குவார்சத்திரம் வந்து டீக்கடையில் போண்டா வாங்கிக் கொடுத்து, வாய் ஓயாமல் பேசினாள். "எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்டா! அந்த ஹால்ல இருந்த டீச்சர் வந்து, 'இன்னாம்மா, எதுக்கு சும்மா சும்மா ம் கொட்ற'ன்னு திட்டிச்சி. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. தேவராஜி, நீ சொன்னியே, உள்ள ஒருத்தி. அவ நல்லா சொன்னாடா. நிறுத்தாம சொல்லிகினே வந்தா." சிரித்துக்கொண்டே இருந்தவள் கொஞ்சம் அடங்கி, "இத்தினி நாளு எங்க இருந்தாளோ" என்றாள்.

என் சட்டைப் பையிலிருந்த வளையல்களை வாங்கி மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், எப்போதும் எனக்கு ஜன்னலோரம் கொடுக்கிறவள், "இன்னிக்கு ஒரு நாள் நான் குந்திக்கட்டுமா?" என்று கேட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நவம்பரில் பேப்பரில் நம்பர்கள் வந்தன. தேவராஜ் படித்தான். பாஸ் ஆனவர்களில் அவள் நம்பர் இல்லை. கீழே, முடிவு நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் என்று தனியாகச் சில நம்பர்கள் இருந்தன. அதில் இருந்தது. ஏதோ நம்பர் குளறுபடி என்று நினைத்தோம். வார்டன் சார் அவளை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனார்.

அவர்கள் திரும்பி வந்தபோது நானும் தேவராஜும் உதவி அறையில்தான் இருந்தோம். வார்டன் சார் பெஞ்சில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்குப்பா. எல்லாக் கணக்கும் போட்டுட்டு, கீழ, 'தேர்வர் சொன்னதை மட்டுமே எழுதினேன்'னு எழுதி, பேரு எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பொதுத் தேர்வு விடைத்தாளில் தேர்வு எண்ணைத் தவிர பெயரோ கையெழுத்தோ எங்கேயும் இருக்கக் கூடாது. இருந்தால், திருத்துகிறவருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும் முறைகேடு. அந்தத் தாள் செல்லாது. அதோடு, யாரோ சொல்லி எழுதினேன் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த வரியை வைத்து யார் சொன்னது, எந்த ஜன்னல் வழியாகச் சொன்னது என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். வார்டன் சார் எங்கள் கல்லூரி வழக்கத்தையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான், பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். கேட்டுவிட்டு, விதியைப் படித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த தடவையும் எழுத முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நாந்தான்க்கா சொன்னேன்" என்றான் தேவராஜ். "உள்ள ஒருத்தி அது இதுன்னு..."

"நீ எழுதச் சொன்ன, நான் எழுதனேன். நீ சொன்னது சரிதான்டா" என்றாள் அக்கா. பிறகு வார்டன் சார் பக்கம் திரும்பியிருப்பாள். "சார், அதுல பொய்யி ஒண்ணும் இல்லியே? அவ சொன்னத மட்டும்தானே எழுதனேன்?"

கேட்டுவிட்டு எழுந்து, சக்கர நாற்காலியிலிருந்த டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். குழாயடியில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பத்தாவது பாஸ் செய்த வேறொருவரை எடுத்தார்கள். நல்லவர்தான், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். அக்காவுக்குத் திருத்தணிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பிடித்திருக்கிறதா என்று தேவராஜ் கேட்டான். "வூட்ல சொல்லிட்டாங்கடா" என்றாள்.

டிசம்பரில் எனக்கு இறுதித் தேர்வு. அக்காவேதான் வந்தாள். அவள் இன்னும் பத்தாவது பெயில்தான். விதிப்படி அவள் எனக்கு எழுதலாம். எனக்கு அந்த விதியின்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அவள் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள். ரப்பர் வாசனை வந்தது. நான் சொன்னேன், அவள் 'ம்' என்றாள். எந்த மாற்றமும் இல்லாத அதே 'ம்'. அந்தப் பரீட்சையில் பாஸ் செய்துதான் பிற்பாடு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகி, இன்றுவரை சோறு தின்கிறேன். என் சோற்றுக்கான ஒவ்வொரு வரியும் அவள் கை எழுதியது.

கடைசிக் கேள்வியும் முடிந்தது.

"அவ்ளோதாங்க்கா" என்றேன்.

வழக்கமாக அப்போதுதான் பேனா ஓட ஆரம்பிக்கும். அன்று ஓடவில்லை. மேற்பார்வைக்கு இருந்தவரின் செருப்புச் சத்தம் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. பக்கத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி." பரீட்சை அறைக்குள் அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இதுல எழுதலாம்ல?"

"எழுதணும்க்கா. இதுல நீதான எழுதணும்."

"நீயே சொல்லேன். எழுதறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை.

"தேர்வர்" என்றேன்.

"ம்."

"சொன்னதை."

"ம்."

"மட்டுமே."

"ம்."

"எழுதினேன்."

பேனா நின்றது. "ம்" என்றாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "பேரு?" என்றாள்.

அவள் பெயரைச் சொன்னேன். அக்கா என்று சேர்க்காமல் அந்தப் பெயரை நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். பேனா மெல்ல நகரும் சத்தம் கேட்டது. முடியட்டும் என்று காத்திருந்தேன்.

"ம்" என்றாள்.